மூடாத மேக்கதவு

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதற்குப் பிறகு மளிகைச் சீட்டு எழுதியிருக்கிறேன், ரேஷன் கடையில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அவ்வளவுதான். சொல்ல வந்ததை விட்டு வேறெங்காவது போய்விடுவேன். மறதியும் சேர்ந்துவிட்டது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எழுதச் சொன்னவன் என் பேரன். கொஞ்ச நாள் முன்பு புதுக் காரில் என்னைப் பொள்ளாச்சிக்குக் கூட்டிப்போனான். அந்தக் காரின் கூரையில் ஒரு கண்ணாடி ஜன்னல். பொத்தானைத் தொட்டால் திறக்கிறது. எனக்குக் காட்டவேண்டும் என்று திறந்தான். திறந்தது மூடவில்லை. கோபாலபுரம் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. பொத்தானை அமுக்கி அமுக்கிப் பார்த்தான். வண்டியை ஓரங்கட்டிக் கம்பெனிக்குப் போன் செய்தான். அவர்கள் பாட்டுப் போட்டுக் காத்திருக்கச் சொன்னார்கள். அவன் மனைவி துணிக்கடைப் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். நான் பின் சீட்டில் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"என்னப்பத்தா, இங்க தெப்பமா நனையறோம், உனக்குச் சிரிப்பு வருதா?" என்றான்.

நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. எழுதித் தருகிறேன் என்றேன். அதுதான் இது.

அப்போது நான் இரண்டாம் வகுப்போ மூன்றாம் வகுப்போ. எங்கள் வீடு எல்லை தாண்டி மலையாளப் பக்கம், நல்லேப்பிள்ளிக்குப் பக்கத்தில், வயல் நடுவே. அம்மாவின் தம்பி, எனக்கு மாமன், போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் டிரைவராக இருந்தார். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஊருக்குத் திரும்பும்போது தன்னுடைய பழைய காரை மாமனுக்கே விட்டுவிட்டுப் போனார். மாமன் அதை மலையிலிருந்து இறக்கி எங்கள் ஊர் வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்தார்.

சின்னக் கார். பக்கத்துக்கு ஒரு கதவுதான். ஆனால் கூரையில் ஒரு தகர மூடி இருந்தது. உள்ளே இருந்த கைப்பிடியைத் திருகித் தள்ளினால், தகரம் தண்டவாளத்தில் போவது போலப் பின்னால் நகரும். தலைக்கு மேல் வானம் தெரியும். துரை அதில் எழுந்து நின்று மூடுபனியையும் யானையையும் பார்ப்பாராம். மாமன் அதற்கு மேக்கதவு என்று பெயர் வைத்திருந்தார். யார் வந்தாலும் முதலில் அதைத்தான் திறந்து காட்டுவார். எங்கள் பக்கம் யானையும் இல்லை, பனியும் இல்லை. வந்தவர்கள் ஓட்டை வழியாகப் பனைமரத்தைப் பார்த்துவிட்டு, "அருமையா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அந்த வருஷம் அப்பா கிணற்றுப் படியில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இடுப்பிலிருந்து பாதம் வரைக்கும் மாவுக்கட்டு. அம்மாவும் நானும் கூடவே இருந்தோம், அண்ணன் ஊரில் இருந்தான்.

இங்கே அத்தையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அப்பாவுக்குக் கூடப்பிறந்தது ஒரே தங்கை. கொழிஞ்சாம்பாறை தாண்டி நல்லேப்பிள்ளிக்கு வரும் வழியில், சாலையிலிருந்து பார்த்தாலே தெரியும் அத்தை வீடு. எனக்கு விவரம் தெரிந்து அந்த வீட்டுக்குள் நாங்கள் போனதில்லை. பஸ்ஸில் போகும்போது அம்மா என்னை முழங்கையால் இடித்து, "அதுதான் உங்கத்த ஊடு" என்பாள். அப்பா அந்த இடம் வந்தால் எதிர்ப்பக்கத்து வயலைப் பார்ப்பார்.

சண்டைக்குக் காரணம் நிலமும் இல்லை, நகையும் இல்லை. எங்கள் புது வீட்டில் பால் காய்ச்சியபோது அப்பாவுக்கு ஓடியாடும் வேலை. தங்கைதானே, கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று நினைத்து, நேரில் போகாமல் ஓர் ஆளை விட்டுச் சொல்லியனுப்பினார். கூடப்பிறந்தவளை ஆள் விட்டா கூப்பிடுவது என்று அத்தை வரவில்லை. தங்கை வந்து விளக்கு ஏற்றாமல் குடிபோனதில் அப்பாவுக்கு வருத்தம். நேரில் வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அவள் இருந்தாள். வராதவள் வாசலில் போய் எதற்கு நிற்பது என்று இவர் இருந்தார். அப்படியே வருஷங்கள் ஓடின.

ஆஸ்பத்திரியில் சாயங்காலம் பார்க்க வருகிறவர்கள் போன பிறகு அப்பா கேட்பார்: "இன்னைக்கு ஆரெல்லாம் வந்தாங்க?" கட்டிலில் கிடந்தபடி எல்லாரையும் அவரும்தான் பார்த்திருப்பார். ஆனாலும் கேட்பார். அம்மா ஒவ்வொருவராகச் சொல்லுவாள். முழுவதும் கேட்டுவிட்டு, "வேற?" என்பார். அம்மா போர்வையை இழுத்துவிடுவாள். எனக்கு அது ஏதோ விளையாட்டு என்று தோன்றும்.

வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன அன்று மாமன் காரோடு வந்தார். டாக்டர் அம்மாவிடம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். கட்டு நனையக் கூடாது. நனைந்து இளகினால் எலும்பு கோணலாகச் சேரும், பிறகு காலை உடைத்துத்தான் நேராக்க வேண்டும். காலை உடைப்பது என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து அம்மா முகம் பேயறைந்தது போல் ஆகிவிட்டது.

மடங்காத காலோடு அப்பாவை அந்தச் சின்னக் கதவு வழியாக நுழைக்க முடியவில்லை. மாமன் முன்பக்கத்து இடது சீட்டை மடக்கினார். மேக்கதவைத் திறந்து, தான் உள்ளே எழுந்து நின்று அப்பாவை அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். கீழே இரண்டு பேர் காலைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவழியாக அப்பா உள்ளே படுத்தார். தலை பின் சீட்டில் அம்மா மடியில், கட்டுப் போட்ட கால் மடக்கிய முன் சீட்டின் மேல், சரியாக ஓட்டைக்குக் கீழே. அம்மாவை ஒட்டி நான் இடுக்கிக்கொண்டேன்.

மாமன் மேக்கதவை மூடப் போனார். அது அசையவில்லை.

கைப்பிடியைத் திருகினார், குத்தினார், கெஞ்சினார். கூரை மேல் ஏறி உட்கார்ந்து தள்ளினார். கைப்பிடிதான் கையோடு வந்தது. அதைத் திரும்பச் செருகிவிட்டு, "மழை வராதுக்கா. வந்தாலும் வாளையாறுப் பக்கந்தான் பெய்யும்" என்றார். ஆனி மாசம். கணவாயிலிருந்து குளிர்காற்று வீசிக்கொண்டிருந்தது. ஊரெல்லை தாண்டுவதற்குள் முதல் தூறல் விழுந்தது.

அம்மா தன் இரண்டு கையையும் ஓட்டைக்குக் கீழே விரித்துப் பிடித்துக்கொண்டாள். மாமன் குடையை விரித்து ஓட்டையில் செருகினார். காற்று அதைப் பிடுங்கிச் சோளக்காட்டில் போட்டது. தன் துண்டைக் கட்டினார், அதுவும் போனது. ஆஸ்பத்திரியில் கொடுத்த தூக்க மாத்திரையில் அப்பா அயர்ந்து கிடந்தார். மேலே தூறல் விழாமல் இருக்க அம்மா ஒரு வெள்ளை வேட்டியைக் காலிலிருந்து கழுத்து வரை போர்த்தினாள். முகத்துக்கு ஒரு துண்டு.

வேலந்தாவளத்துக்கு முன்னால் ஒரு தென்னந்தோப்பில் மட்டை வெட்டிக் குவித்திருந்தார்கள். மாமன் வண்டியை நிறுத்தினார்.

"அக்கா, உனக்குத்தான் கீத்துப் பின்னக் கை வேகமாச்சே. ரெண்டு மட்டை பின்னு, மேல போட்டுக் கட்டிப்போடலாம்."

"டேய், பச்சை மட்டையாடா? சாவுக்குத்தான்டா பச்சைக் கீத்துப் பின்னுவாங்க. உசுரோட இருக்கற மனுசன் மேல போடுன்றே?"

"பச்சை எது, காஞ்சது எதுன்னு மழைக்குத் தெரியுமாக்கா? கட்டு நனையலாமா, சொல்லு."

கட்டு என்றதும் அம்மா இறங்கிவிட்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே பின்னினாள். மாமன் கீற்றுகளைக் கூரை மேல் நீளவாட்டில் பரப்பி, முன்னும் பின்னும் கயிறு போட்டு இழுத்துக் கட்டினார். ஓட்டை மறைந்தது. உள்ளே பச்சையாக ஒரு வெளிச்சம் வந்தது. வேகமாகப் போனால் காற்றில் கீற்று பறந்துவிடும் என்று மாமன் மாட்டுவண்டி போகிற வேகத்தில் ஓட்டினார். மழை இருட்டியதால் பகலிலேயே விளக்கைப் போட்டார். கெட்ட சகுனம் பண்ணிவிட்டோமே என்று அம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அழுதபடி வந்தாள்.

இதையெல்லாம் வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு எப்படி இருக்கும் என்று எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்தக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து இந்தப் பக்கம் அரிசி கொண்டுவரக் கூடாது. வேலந்தாவளம் செக்போஸ்டில் சீட்டைக் கிளப்பிக்கூடப் பார்ப்பார்கள். அன்று காவலர் கையை நீட்டிக்கொண்டு வந்தார். கீற்றைப் பார்த்தார். குனிந்து உள்ளே பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "பொய்க்கோளூ, பொய்க்கோளூ", போங்கள் போங்கள் என்று மலையாளத்தில் தாழ்ந்த குரலில் சொல்லித் தடுப்புக் கழியைத் தூக்கிவிட்டார்.

மாமனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "பாத்தியாக்கா, சீமைக்காருக்கு மரியாதைய."

அதற்குப் பிறகு வழியெல்லாம் மரியாதைதான். சைக்கிளில் வந்தவர்கள் இறங்கி நின்றார்கள். தலைப்பாகை கட்டியவர்கள் அவிழ்த்துத் தோளில் போட்டார்கள். கொழிஞ்சாம்பாறையில் சந்தைக் கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. ஒரு டீக்கடைக்காரர் ரேடியோவை நிறுத்தினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஜன்னல் வழியாக எல்லாருக்கும் கையசைத்தேன். யாரும் திரும்பக் கையசைக்கவில்லை. ஒரு பெண்பிள்ளை என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதது. எதற்கு அழுகிறது என்று எனக்கு விளங்கவில்லை. கார் இல்லாத பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

கூட்டத்தில் யாரோ அம்மாவை அடையாளம் கண்டிருக்கிறார்கள். சைக்கிள்காரர் ஒருவர் எங்களைத் தாண்டி, குனிந்து மிதித்துக்கொண்டு முன்னால் போனார். எங்கள் வண்டி போன வேகத்துக்கு எந்தச் சைக்கிளும் முந்தியிருக்கும்.

அத்தை வீட்டுப் பக்கம் வந்தபோது மழை வலுத்துவிட்டது. வயல் வரப்பில் ஒரு பெண் ஓடிவருவது தெரிந்தது. தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. பின்னால் இன்னும் சில பெண்கள், இரண்டு மூன்று ஆண்கள். அவள் சாலைக்கு ஏறி, விளக்கு எரிகிற காருக்கு நேர் எதிரே வந்து நின்று மார்பில் அடித்துக்கொண்டாள்.

"என்ர அண்ணா! ஒரு வார்த்தை பேசாமப் போயிட்டயே! என்ர ஊட்டு வழியாவே கொண்டு போறாங்களே, நான் பாக்காம எப்படிப் போவே!"

மாமன் பதறிப் பிரேக்கை மிதித்தார். கயிறு தளர்ந்து கீற்றுகள் சரிந்து முன்னால் போய் அவள் காலடியில் விழுந்தன. அந்தக் குலுக்கலில் அப்பா விழித்துக்கொண்டார். முகத்துத் துண்டை எடுத்தார். என்ன சத்தம் என்று பார்க்க, ஓட்டையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து, நல்ல காலை ஊன்றி எழும்பினார். கூரைக்கு மேல் அவர் தலை வந்தது.

ஒப்பாரி நின்றது. ஒரு பெண் "மாரியாத்தா!" என்று கத்திக்கொண்டு வந்த வழியே ஓடினாள். துணைக்கு வந்த ஆள் ஒருவர் வாய்க்காலில் விழுந்தார். அத்தை மட்டும் அசையவில்லை.

அப்பா மழையில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"ஆரு, அம்மிணியா? ஏன் சாமி மழையில நிக்கறே?"

அத்தை கீழே கிடந்த கீற்றைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு அவள் குரல் வந்தது. அழுகையா கோபமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"பால் காச்சறதுக்கு ஆள் உட்டே, நான் வல்லே. இதுக்கு நீ ஆளுகூட உடுல, ஓடியாந்துட்டேன் பாத்தியா."

சொல்லிவிட்டுச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பா ஓட்டையைப் பிடித்தபடியே நின்றார். மாமன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். அப்போதுதான் அவருக்கு வழியெல்லாம் கிடைத்த மரியாதை எதற்கென்று புரிந்திருக்க வேண்டும்.

அம்மாதான் கத்தினாள். "ஏனுங்க, உக்காருங்க, கட்டு நனையுது!"

"கட்டா? என்ன கட்டு?" என்று அத்தை எழுந்து ஓடிவந்து உள்ளே பார்த்தாள். உடனே கீற்றைத் தூக்கி ஓட்டை மேல் பிடித்துக்கொண்டு, வாய்க்காலில் விழுந்தவர் உட்பட எல்லாரையும் அதட்டினாள். "என்ன வேடிக்கை? தள்ளுங்க வண்டிய! வண்டிச்சாளைக்குள்ள தள்ளுங்க!" அப்படித்தான் துரையுடைய கார் அத்தை வீட்டு மாட்டுவண்டிகளுக்கு நடுவில் போய் நின்றது.

அப்பாவைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கி வீட்டுக்குள் கொண்டுபோனார்கள். மாவுக்கட்டை எல்லாரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். மேலே வேட்டிதான் நனைந்திருந்தது. அம்மா சாமி இருக்கும் திசையெல்லாம் கும்பிட்டாள்.

மாமன் தலையைத் துவட்டிக்கொண்டு, "இப்படின்னு முன்னமே தெரிஞ்சிருந்தா சீட்டுக்கடியில ரெண்டு மூட்டை அரிசி போட்டுக் கொண்டாந்திருப்பனுங்க" என்றார். அத்தை வீட்டு மாமா மட்டும் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள்.

ஆனால் அப்பாவும் அத்தையும் பேசிக்கொள்ளவில்லை. சாலையில் பேசியதோடு சரி. கூரைக்குக் கீழே வந்ததும் இரண்டு பேருக்கும் கூச்சம் வந்துவிட்டது. அத்தை, அப்பாவுக்கு எதிரிலேயே நின்றுகொண்டு அம்மாவைப் பார்த்து, "அண்ணி, உங்க ஊட்டுக்காரருக்குச் சுடுதண்ணி வேணுமான்னு கேளுங்க" என்பாள். அப்பா விட்டத்தைப் பார்த்து, "இருந்தாக் குடுக்கச் சொல்லு" என்பார். கேட்பது தங்கை, குடிப்பது அண்ணன். அம்மா நடுவில் நின்று தண்ணீரையும் பேச்சையும் மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். என் கன்னத்தை வழித்து, "இதுதான் சின்னதுங்களா அண்ணி? அப்பிடியே எங்கம்மா மூக்கு" என்று அத்தை சொன்னபோது மட்டும் அப்பா தலையைத் திருப்பி என் மூக்கைப் பார்த்தார்.

நான் வண்டிச்சாளைக்குப் போய்விட்டேன். மாமன் மேக்கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அத்தை ஒரு கிண்ணத்தில் விளக்கெண்ணெய் கொண்டுவந்து நீட்டினாள்.

"எப்பங்க மூடும்?" என்றாள்.

"இந்த எண்ணெயைப் போட்டா செத்த நேரத்துல மூடீருமுங்க. மழையும் உட்டுருச்சு. மூடுனதும் கெளம்பிக்கறமுங்க, உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

அத்தை கிண்ணத்தை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, "கோழி அடுப்புல கெடக்குது" என்றாள். கிண்ணத்தை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் போன வாசலையே மாமன் கொஞ்ச நேரம் பார்த்தார்.

பிறகு அம்மாவின் கொண்டை ஊசியால் தண்டவாளத்தை நோண்டினார். உள்ளேயிருந்து மக்கிப்போன இலையும், தோட்டத்திலிருந்து வந்த ஏலக்காய்த் தோலும், துருவும் வந்தன. எண்ணெய் விட்டார். கைப்பிடியைத் திருகித் தள்ளினார். மேக்கதவு சர்ரென்று வந்து டக்கென்று மூடிக்கொண்டது. துளி இடைவெளி இல்லை. மாமன் திறந்தார். மறுபடி மூடினார். வெண்ணெய் போல நகர்ந்தது.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் எனக்குப் பிடிபடவில்லை. கதவை முழுக்கப் பின்னால் தள்ளித் திறந்து விட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

நான் நுகத்தடி மேலிருந்து குதித்து வீட்டுக்குள் ஓடினேன். அப்பா கட்டிலில் சாய்ந்து சோறு உண்டுகொண்டிருந்தார். அத்தை கட்டில் காலருகே தரையில் உட்கார்ந்திருந்தாள். அம்மா அங்கே இல்லை, அடுப்படியில் இருந்தாள். அப்பா ஏதோ மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "நான்தான் வந்திருக்கோணும்" என்பது மட்டும் என் காதில் விழுந்தது. அத்தை முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பா, மேக்கதவு மூடிருச்சு! நம்ம ஊட்டுக்குப் போலாம்!" என்று கத்தினேன்.

அப்பா சொல்லிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டார். அத்தை எழுந்திருக்கப் போனாள். என் சத்தம் கேட்டு அம்மாவும் வந்தாள். பின்னாலேயே மாமன் ஓடிவந்தார், கையெல்லாம் எண்ணெய்.

"மூடலீங்க மச்சான். புள்ளை சும்மா சொல்லுது. பாதியில வந்து நின்னுக்குது."

"பொய்! நான் பாத்தேன்! டக்குன்னு மூடுச்சு, ரெண்டு தடவை மூடுச்சு!"

"மூடுன மாதிரித்தான் தெரியும் கண்ணு. அது உள்ளுக்குள்ள இன்னும் சேருல."

நான் அம்மாவைப் பார்த்தேன். வழியெல்லாம் மேக்கதவு மூடவில்லையே என்று அழுதவள் அவள்தான். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அம்மா என் தொடையைக் கிள்ளி, "பெரியவங்க பேசறப்ப என்ன நாயம்?" என்றாள். அத்தையைப் பார்த்தேன். "ஈரத்துல இரும்பு ஊதிப்போயிருக்கும். நல்லாக் காயட்டும், அவசரமென்ன?" என்று அவள் சோற்றில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள். கடைசியாக அப்பாவைப் பார்த்தேன். பொய் சொன்னதற்காக என் அண்ணனைக் களத்தில் முட்டி போட வைத்தவர் அவர். அவராவது வண்டிச்சாளைக்கு ஆளனுப்பிப் பார்க்கச் சொல்லுவார் என்று நம்பினேன்.

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "மாப்பிள்ளை சொன்னாச் சரியாத்தான் இருக்கும். மூடலைன்னா மூடலைதான்" என்றார். பிறகு நேராகத் தங்கையைப் பார்த்து, "கோழி நல்லா இருக்குது அம்மிணி. அம்மா வெச்சாப்பிடி" என்றார்.

நான் அழுதுகொண்டே போய்க் காருக்குள் உட்கார்ந்துகொண்டேன். தலைக்கு மேல் சாளைக் கூரையின் ஓடுகள் தெரிந்தன. என் கை எட்டியிருந்தால் நானே மூடிக் காட்டியிருப்பேன்.

அன்று மட்டும் இல்லை, கட்டுப் பிரிக்கும்வரை நாங்கள் அங்கேதான் இருந்தோம். தினம் காலையில் அப்பா, "என்ன மாப்பிள்ளை, மேக்கதவு எப்படி இருக்குது?" என்பார். "இன்னைக்குக் கொஞ்சம் அசையுதுங்க மச்சான்" என்பார் மாமன். அத்தை அந்த நேரத்துக்குச் சரியாகக் காப்பியோடு வந்து நின்று, "அவசரப்பட்டு ஒடச்சுப்போடாதீங்க" என்பாள். மூன்று பேரும் முகத்தை அவ்வளவு கவலையாக வைத்துக்கொள்வார்கள். அத்தையின் கோழி ஒன்று ஓட்டை வழியாக இறங்கிப் பின் சீட்டில் முட்டையிடப் பழகிக்கொண்டது. நான் ஒவ்வொரு நாளும் உண்மையைச் சொன்னேன். அத்தை என்னைப் பிடித்து மடியில் உட்கார வைத்து, வாயில் கருப்பட்டியைத் திணிப்பாள். அதோடு என் சாட்சி முடிந்துவிடும்.

கிளம்பிய அன்று வெயில் அடித்தது. அப்பா கோலை ஊன்றி வந்து ஏறினார். மாமன் எல்லார் முன்னாலும் கைப்பிடியைத் திருகினார். மேக்கதவு சர்ரென்று வந்து மூடிக்கொண்டது. நான் சுற்றிலும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். நீ அன்றைக்கே சொன்னாயே என்று யாராவது ஒருவர் சொல்லுவார் என்று காத்திருந்தேன். ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. அத்தை ஜன்னல் வழியாகக் கையை விட்டு அப்பாவின் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

இத்தனை பெரியவர்கள் சேர்ந்து, கண்ணெதிரில் மூடிய கதவை மூடவில்லை என்று எதற்குச் சொன்னார்கள் என்று வெகு நாள் எனக்குள் ஆறாமல் கிடந்தது. பிறகு எப்போது ஆறியது என்று தெரியவில்லை. யாரும் விளக்கிச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இதில் நிறையத் தப்பு இருக்கும். கைப்பிடியைத் திருகியது வலப்பக்கமா இடப்பக்கமா, கீற்றுப் பின்னியது வேலந்தாவளத்துக்கு முன்னாலா பின்னாலா, வாய்க்காலில் விழுந்தது யார், எதுவும் எனக்கு உறுதியாகத் தெரியாது. அத்தையின் மகன் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறான், அவனுக்கு என்னைவிட ஞாபகம் நன்றாக இருக்கும். யாராவது ஒரு நடை போய்க் கேட்டு, தப்பைத் திருத்திக்கொடுத்தால் புண்ணியமாகப் போகும். அன்றைக்கு மேக்கதவு மூடவில்லை என்று அவனும் சொன்னால், அதை மட்டும் திருத்த வேண்டாம். நான் பார்த்தேன்.